அழித்ததும் அழியாததும்

டிஸ்க்கில் இடமில்லை என்ற அறிவிப்பு பகல் வேளையில் வந்து நான் பார்த்ததில்லை. இரவு பத்து மணிக்கு மேல், கட்டுரை முடியும் தறுவாயில், ஆசிரியர் மூன்றாவது முறை போன் செய்த பிறகுதான் வரும். சென்ற வாரமும் அப்படித்தான். 256 ஜி.பி. கொள்ளளவு கொண்ட என் மடிக்கணினியில் மிச்சமிருந்தது ஒரு ஜி.பி.கூட இல்லை. எதையாவது அழித்தாக வேண்டும். எதை?

இந்தக் கேள்விக்கு ஒருமுறை நான் தவறான பதில் சொல்லியிருக்கிறேன். அதனால் டெலிட் பொத்தானின் மேல் விரல் போகும்போதெல்லாம் ஒரு நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவது வழக்கம்.

2003 மார்ச் 23, ஞாயிற்றுக்கிழமை. ஜோகன்னஸ்பர்க்கில் உலகக் கோப்பை இறுதிப் போட்டி. ரிக்கி பாண்டிங் ஆட்டமிழக்காமல் 140 ரன் எடுத்தார். இந்தியா 125 ரன் வித்தியாசத்தில் தோற்றது. தில்லியில் நான் வேலை பார்த்த பத்திரிகை அலுவலகத்தில் வெற்றிக்காகத் தயாராக வைத்திருந்த பக்கங்கள் எல்லாம் வீணாகி, புதிய படங்கள் வரிசையாக இறங்கிக்கொண்டிருந்தன. மூன்று பேர் பங்குபோட்டுக்கொண்ட அந்தக் கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்க் 20 ஜி.பி. நள்ளிரவு நெருங்கும்போது, படங்களைச் சேமிக்க முடியவில்லை என்று பக்க வடிவமைப்பாளர் குரல் கொடுத்தார். "மேடம், உங்கள் பழைய சாமான் ஏதாவது இருந்தால் தூக்கிப் போடுங்கள்."

என் பெயரிலிருந்த ஃபோல்டருக்குள் 'பழையவை' என்று ஒன்று இருந்தது. டெலிட் பொத்தானை மட்டும் அழுத்தினால் கோப்பு ரீசைக்கிள் பின்னுக்குப் போகும், இடம் மிச்சமாகாது. ஷிஃப்ட்டையும் சேர்த்து அழுத்தினால் நேராகப் போய்விடும் என்று எனக்கு அப்போதே தெரியும். தெரியும் என்பதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது. இரண்டையும் சேர்த்து அழுத்தினேன். நிச்சயமாக அழிக்கவா என்று கம்ப்யூட்டர் கேட்டது. ஆம் என்றேன். வடிவமைப்பாளர் நன்றி சொன்னார். பக்கங்கள் அச்சுக்குப் போயின.

விடியற்காலை நான்கு மணிக்கு வீடு திரும்பும் ஆட்டோவில்தான் அந்த ஃபோல்டருக்குள் வேறு என்ன இருந்தது என்பது நினைவுக்கு வந்தது. ஓர் இந்திக் குறுநாவலின் தமிழ் மொழிபெயர்ப்பு. எழுதியவர் கிழக்கு தில்லியில் தனியாக வாழ்ந்த ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். புந்தேல்கண்டுக்காரர். ஆறு ஞாயிற்றுக்கிழமைகள் என்னை எதிரில் உட்கார வைத்து, அகராதியில் கிடைக்காத சொற்களுக்கெல்லாம் பொருள் சொன்னார். மார், காபர், பருவா, ராகர் என்று அவர் ஊரில் மண்ணுக்கு நான்கு பெயர். மார் என்பது நம் கரிசல். ராகர் என்பது சரளை கலந்த வறண்ட மேட்டு நிலம். ஒவ்வொரு மண்ணிலும் என்ன விளையும், எந்த மண்காரன் வீட்டில் பெண் கொடுப்பார்கள், எந்த மண்காரன் வீட்டில் தயங்குவார்கள் என்பதுவரை சொன்னார். எல்லாவற்றையும் அடிக்குறிப்பாக அதே கோப்பில் தட்டச்சு செய்துவைத்திருந்தேன். அந்த ஜனவரிக் குளிரில் அவர் காலமாகிவிட்டார். மொழிபெயர்ப்பைத் திரும்பச் செய்யலாம். அடிக்குறிப்புகளை யாரிடம் போய்க் கேட்பது?

மறுநாள் காலை கம்ப்யூட்டர் பராமரிப்புக்கு வரும் இளைஞர் முன்னால் குற்றவாளிபோல் நின்றேன். அவர் கேட்டது ஒரே கேள்வி: "அழித்த பிறகு இதில் என்னென்ன செய்தீர்கள்?" நாற்பது படங்கள் சேமித்தோம், எட்டுப் பக்கம் முடித்தோம் என்றேன். "அதைச் செய்யாமல் இருந்திருந்தால் எடுத்துக் கொடுத்திருப்பேன்" என்றார்.

அழித்த பிறகும் எடுத்துக் கொடுக்க முடியும் என்பது எனக்கு அன்றுவரை தெரியாது. அவர் சொன்னதை ரயில் பாஷையில் சொன்னால் எளிதாக விளங்கும். தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் பரிசோதகரின் கையில் ஒரு பட்டியல் இருக்கிறது. எந்த பெர்த்தில் யார் என்பது அதில்தான் பதிவு. கம்ப்யூட்டரின் டிஸ்க்கிலும் அப்படியொரு பட்டியல் உண்டு. நீங்கள் ஒரு கோப்பை அழிக்கும்போது, அந்தப் பயணியின் பெயர் பட்டியலில் அடிக்கப்படுகிறது. அவ்வளவுதான். பயணி அதே பெர்த்தில் போர்த்திக்கொண்டு தூங்குகிறார். பரிசோதகரைப் பொறுத்தவரை பெர்த் காலி. போபாலிலோ நாக்பூரிலோ புதிய பயணி ஏறும்போது அந்த பெர்த் அவருக்கு ஒதுக்கப்படும். அப்போதுதான் பழையவர் உண்மையில் இறக்கிவிடப்படுவார். யாரும் ஏறாவிட்டால் சென்னைவரை அவர் அங்கேயேதான். என் விஷயத்தில் ஒரே இரவில் நாற்பது பேர் ஏறிவிட்டார்கள்.

தமிழ் இந்த வித்தியாசத்தை முன்பே அறிந்திருக்கிறது. பலகையில் எழுதியதை அழிப்போம். பட்டியலில் இருக்கும் பெயரை நீக்குவோம். டெலிட் என்பதற்குத் தமிழ் மென்பொருள்களில் இரண்டு சொற்களும் புழங்குகின்றன. கம்ப்யூட்டர் உள்ளே என்ன செய்கிறது என்று பார்த்தால் 'நீக்கு'தான் நியாயமான மொழிபெயர்ப்பு. 'அழி' என்பது நம் ஆசை.

இப்படி வடிவமைத்ததற்குச் சோம்பல் காரணமல்ல, வேகம் காரணம். 4 ஜி.பி. வீடியோவின் ஒவ்வொரு பைட்டையும் துடைப்பதென்றால் அதை எழுத எடுத்துக்கொண்ட நேரம் துடைக்கவும் வேண்டும். பட்டியலில் ஒரு வரியை அடிப்பதற்குக் கண் இமைக்கும் நேரம் போதும். டாஸ் காலத்தில் இது இன்னும் வெளிப்படையாக இருந்தது. கோப்புப் பெயரின் முதல் எழுத்தை மட்டும் மாற்றி, அந்த இடத்தில் ஒரு சிறப்புக் குறியைப் போட்டுவிடும். கோப்பு அழிந்ததாகக் கணக்கு. பீட்டர் நார்ட்டன் 1982இல் வெளியிட்ட நார்ட்டன் யுட்டிலிட்டீஸ் தொகுப்பு பெயர் பெற்றதே, அழித்த கோப்பை மீட்கும் கருவியால்தான். 1991இல் வந்த எம்.எஸ்.டாஸ் 5இல் மைக்ரோசாஃப்ட்டே மீட்புக் கட்டளையைச் சேர்த்தது. அந்தக் கட்டளை நம்மைப் பார்த்து அடக்கமாக ஒரு கேள்வி கேட்கும்: இந்தக் கோப்பின் முதல் எழுத்து என்ன? அதைச் சொன்னால் கோப்பு திரும்பிவிடும். விண்டோஸ் 95 ரீசைக்கிள் பின்னைக் கொண்டுவந்தது. அதன் பிறகு அழிப்பதற்கு இரண்டு படிகள். முதல் படியில் கோப்பு வேறு ஃபோல்டருக்கு இடம் பெயர்கிறது. இரண்டாவது படியில்தான் பட்டியலிலிருந்து பெயர் போகிறது.

இடம் தேடி அழிப்பவர்கள் பலரும் தடுக்கி விழுவது இங்கேதான். நூறு கோப்புகளை அழித்துவிட்டு, இடம் கூடவில்லையே என்று விழிப்பார்கள். தொட்டியில் கிடக்கும் கோப்பு டிஸ்க்கில் கிடக்கும் கோப்புதான். தொட்டியைக் காலி செய்ய வேண்டும். அல்லது தொட்டிக்குள் போய், வேண்டாத ஒன்றிரண்டை மட்டும் தேர்ந்து அங்கிருந்தும் நீக்கலாம். மொத்தமாகக் காலி செய்வதைவிட எனக்கு இந்த இரண்டாவது வழி பிடிக்கும். பென் டிரைவ் விஷயம் நேர் எதிர். விண்டோஸில் பென் டிரைவிலிருந்து அழிக்கும் கோப்பு பொதுவாகத் தொட்டிக்குப் போவதில்லை; அங்கேயே கதை முடிந்தது. அதே பென் டிரைவை ஆப்பிள் கம்ப்யூட்டரில் செருகி அழித்தால், கோப்பு அந்த பென் டிரைவிலேயே கண்ணுக்குத் தெரியாத ஒரு ஃபோல்டருக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். ஒன்றுமே இல்லாத பென் டிரைவ் நிரம்பிவிட்டதாகச் சொல்வது இதனால்தான். ஆப்பிளின் குப்பைத் தொட்டியைக் காலி செய்தால் சரியாகிவிடும்.

கைப்பேசியிலும் தொட்டி உண்டு. ஐஃபோனில் அழித்த படம் சுமார் 30 நாள் தங்கியிருக்கும். கூகுள் ஃபோட்டோஸில் மேகச் சேமிப்புக்குப் போய்விட்ட படமென்றால் 60 நாள். கூகுள் டிரைவில் 30 நாள். அதுவரை நம் ஒதுக்கீட்டிலிருந்து இடம் கழிந்துகொண்டேதான் இருக்கும். இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. படம்தான் மேலே மேகத்தில் பத்திரமாக இருக்கிறதே என்று கூகுள் ஃபோட்டோஸுக்குள் போய்க் கைப்பேசிப் படத்தை அழிப்பவர்கள் இருக்கிறார்கள். அங்கே அழித்தால் இரண்டு இடத்திலும் அழியும். கைப்பேசிப் பிரதியை மட்டும் விடுவிப்பதற்கென்றே அதில் தனி வசதி இருக்கிறது. அதைத்தான் பயன்படுத்த வேண்டும். பேரக் குழந்தையின் முதல் வருஷப் படங்களை இப்படி இழந்த ஒரு தாத்தாவை எனக்குத் தெரியும். 60 நாள் கழிந்த பிறகுதான் அவர் கவனித்தார்.

என் கதைக்கு இரண்டாம் பாகம் உண்டு. அது முதல் பாகத்துக்கு நேர் எதிரானது.

2011இல் வீட்டுக் கம்ப்யூட்டரை விற்றேன். ஐந்து வருடம் உழைத்தது. நேரு பிளேஸில் பழைய சாமான் வாங்கும் ஒருவர் எடுத்துக்கொண்டார். கொடுப்பதற்கு முன் கோப்புகளை எல்லாம் அழித்தேன், தொட்டியைக் காலி செய்தேன், கோப்புகள் இருந்த பகுதியை ஃபார்மட்டும் செய்தேன். இதற்கு மேல் என்ன வேண்டும்? இரண்டு மாதம் கழித்து முன்பின் தெரியாத ஒரு மாணவன் போன் செய்தான். தயங்கித் தயங்கிப் பேசினான். அந்த கம்ப்யூட்டரை வாங்கியவன் அவன். தன் பிராஜெக்டைத் தவறுதலாக அழித்துவிட்டு, மீட்பு மென்பொருளை ஓட்டியிருக்கிறான். அவன் கோப்போடு என் கோப்புகளும் எழுந்து வந்துவிட்டன. பான் கார்டு நகல், வாடகை ஒப்பந்தம், வங்கிக்கு எழுதிய கடிதங்கள், என் அம்மாவின் பயாப்சி அறிக்கை. என் பயோடேட்டாவிலிருந்து தொலைபேசி எண்ணை எடுத்திருக்கிறான். "மேடம், இதெல்லாம் உங்களுக்கு வேண்டுமா, நான் அழித்துவிடட்டுமா?" என்று கேட்டான்.

அம்மாவுக்கு என்ன நோய் என்பதை அப்போது எங்கள் சொந்தக்காரர்களுக்கே நாங்கள் சொல்லியிருக்கவில்லை. முகம் தெரியாத பையனுக்குத் தெரிந்திருந்தது. நல்ல பையனாக இருந்ததால் போன் செய்தான். எல்லோரும் போன் செய்வார்கள் என்று சொல்ல முடியாது.

இது என் ஒருத்தியின் அசட்டுத்தனம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லை. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் அப்போது ஆய்வு மாணவர்களாக இருந்த சிம்சன் கார்ஃபிங்கல், அபி ஷெலத் இருவரும் பழைய ஹார்ட் டிஸ்க்குகள் 158 வாங்கி ஆராய்ந்து, 2003இல் முடிவை வெளியிட்டார்கள். முறையாகத் துடைக்கப்பட்டிருந்தவை மிகச் சில. மற்றவற்றில் கடன் அட்டை எண்கள், மருத்துவக் குறிப்புகள், காதல் கடிதங்கள் கிடைத்தன. ஒரு டிஸ்க் ஏ.டி.எம். இயந்திரம் ஒன்றிலிருந்து வந்தது. அதில் வங்கிக் கணக்கு எண்கள் இருந்தன. பெரிய இடத்திலும் இதே கதைதான். 1986இல் ஈரானுக்கு ஆயுதம் விற்ற ஊழல் வெடித்தபோது, வெள்ளை மாளிகையில் வேலை பார்த்த ஆலிவர் நார்த் தன் கம்ப்யூட்டர் கடிதங்களை அழித்தார். ஆனால் அவற்றின் பிரதிகள் பாதுகாப்பு நாடாக்களில் இருந்தன. விசாரணைக் குழு அவற்றை எடுத்துப் படித்தது. அழித்தவருக்குத் தன் மேஜை தெரியும். அடுத்த அறையில் நாடா சுழல்வது தெரியாது.

அப்படியானால் ஒரே ஒரு கோப்பை மட்டும் திரும்பி வராதபடி அழிப்பது எப்படி? பழைய வகை ஹார்ட் டிஸ்க்கில் வழி நேரானது. அந்தக் கோப்பு இருந்த இடத்தின் மேலேயே வேறு எதையாவது எழுத வேண்டும். அதைச் செய்வதற்கென்று மென்பொருள்கள் இருக்கின்றன. மைக்ரோசாஃப்ட்டே எஸ்டிலீட் என்ற சிறு கருவியை இலவசமாகத் தருகிறது. எத்தனை முறை எழுத வேண்டும் என்பதில் ஒரு புராணமே உண்டு. நியூஸிலாந்தைச் சேர்ந்த பீட்டர் கட்மன் 1996இல் எழுதிய ஆய்வுரையில் 35 முறை எழுதும் முறையைக் கொடுத்தார். அக்காலத்தில் புழக்கத்திலிருந்த பலவகை டிஸ்க்குகள் அனைத்துக்கும் சேர்த்துச் சொன்ன கணக்கு அது. ஆனால் மக்கள் 35 என்ற எண்ணை மந்திர எண்ணாகப் பிடித்துக்கொண்டார்கள். நவீன டிஸ்க்குக்கு அது தேவையில்லை என்று அவரே பிறகு விளக்க வேண்டியதாயிற்று. அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட் 2006இல் வெளியிட்டு 2014இல் திருத்திய வழிகாட்டியின்படி, இத்தகைய டிஸ்க்கில் பொதுவாக ஒருமுறை மேலெழுதினாலே போதும். ஃபார்மட் செய்வதும் விண்டோஸ் விஸ்டாவிலிருந்துதான் உண்மையாகத் துடைக்கிறது, அதுவும் 'விரைவு' என்ற வசதியைத் தேர்ந்தெடுக்காமல் விட்டால். என் பழைய கம்ப்யூட்டரில் ஓடியது அதற்கு முந்தைய எக்ஸ்.பி. அதனால்தான் என் ஃபார்மட் பட்டியலை மட்டும் கிழித்துப் போட்டுவிட்டுப் பயணிகளை அப்படியே விட்டுவிட்டது.

இப்போதைய மடிக்கணினிகளில் இருப்பது சுழலும் தட்டு அல்ல, எஸ்.எஸ்.டி. என்கிற சில்லு. அதன் சுபாவமே வேறு. ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப எழுதினால் அந்த இடம் தேய்ந்துவிடும் என்பதால், ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில் எழுதும். நீங்கள் பழைய கோப்பின் மேல் எழுதுவதாக நினைத்துக்கொள்வீர்கள். அது புதிய இடத்தில் எழுதிக்கொண்டிருக்கும். பழையது ஒரு மூலையில் இருந்தாலும் இருக்கும். ஆப்பிள் நிறுவனம் குப்பையைப் பாதுகாப்பாகக் காலி செய்யும் வசதியை 2015இல் தன் மென்பொருளிலிருந்து எடுத்துவிட்டது. அப்படி உத்தரவாதம் தர முடியாது என்பதே காரணம். இதற்கு மறுபக்கமும் உண்டு. விண்டோஸ் 7 வந்த 2009 முதல், அழித்த கோப்பின் இடம் இனி வேண்டாம் என்று கம்ப்யூட்டர் சில்லுக்குச் சொல்லிவிடுகிறது. டிரிம் என்று பெயர். சில்லு தன் ஓய்வு நேரத்தில் அதைத் துடைத்துவிடுகிறது. ஆகவே தவறுதலாக அழித்த கோப்பு எஸ்.எஸ்.டி.யிலிருந்து திரும்பக் கிடைப்பது அரிது. அழிய வேண்டியது அழிந்ததா என்று உறுதியாகச் சொல்ல முடியாது. அழியக் கூடாதது அழிந்தால் மீட்கவும் முடியாது. இரண்டு வகையிலும் நமக்குத்தான் நஷ்டம்.

நிபுணர்கள் சொல்லும் வழி முதல் நாளே தொடங்குகிறது. டிஸ்க் முழுவதையும் மறையீடு செய்துவிடுவது. விண்டோஸில் பிட்லாக்கர், ஆப்பிளில் ஃபைல்வால்ட். இன்றைய கைப்பேசிகளில் இது ஏற்கெனவே நடந்திருக்கும். பிறகு விற்கும் நாளில் சாவியை அழித்தால் போதும். உள்ளே இருப்பது யாருக்கும் புரியாத எழுத்துக் குவியல் ஆகிவிடும்.

நம் நாட்டில் இப்போது இது சட்டத்தின் விஷயமும்கூட. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்டில் தீர்ப்பளித்தார்கள். 2023இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தனிநபர் மின்தரவுப் பாதுகாப்புச் சட்டம், நம்மைப் பற்றிய தகவலை அழிக்கச் சொல்லி நிறுவனங்களைக் கேட்கும் உரிமையைத் தருகிறது. சட்டத்தைத் தமிழில் படிக்கும்போது மறுபடி அதே சொல்லில்தான் நிற்கிறேன். அழித்துவிட்டோம் என்று நிறுவனம் பதில் எழுதும். நீக்கினார்களா, அழித்தார்களா? பட்டியலிலிருந்து பெயரை அடித்தார்களா, பயணியை இறக்கினார்களா? அடுத்த அறை நாடாவில் என்ன இருக்கிறது? குடிமக்கள் கேட்கக் கற்றுக்கொள்ள வேண்டிய கேள்விகள் இவை.

அழிப்பது எவ்வளவு முழுமையாக நடக்க முடியும் என்பதற்குத் தமிழில் படித்தவர்களுக்கு உதாரணம் தேட வேண்டியதில்லை. உ.வே. சாமிநாதையர் 'என் சரித்திர'த்தில், ஏட்டுச் சுவடி தேடிக் கரிவலம்வந்தநல்லூர் போன கதையைச் சொல்கிறார். பழுதான ஏடுகளை நெய்யில் தோய்த்து ஹோமத்தில் போட்டுவிட்டதாக அங்கே அவருக்குப் பதில் கிடைத்தது. அந்தத் தொட்டிக்கு மீட்புக் கட்டளை இல்லை. அந்த ஏடுகளில் என்ன இருந்தது என்பதுகூட நமக்குத் தெரியாது. கெட்ட எண்ணத்தில் யாரும் செய்யவில்லை. பழையவை என்று நினைத்தார்கள், அவ்வளவுதான். என் ஃபோல்டரின் பெயரும் அதுதானே.

இந்தச் சொல்லில்தான் சூட்சுமம் இருக்கிறது. இடம் வேண்டும் என்றவுடன் நாம் பழையதைத் தேடுகிறோம். தேட வேண்டியது பெரியதை. 300 பக்க நாவல் ஒன்றை அக்காலத் தமிழ் எழுத்துருவில் வைத்தால் ஒரு எம்.பி.கூட வராது. யூனிகோடில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் பெரும்பாலும் மூன்று பைட் கேட்கிறது. அப்போதும் இரண்டு மூன்று எம்.பி.யைத் தாண்டாது. கைப்பேசியில் ஒரு நிமிடம் வீடியோ எடுத்தால் 60 முதல் 130 எம்.பி. ஆகும். கல்யாண வீட்டில் எடுத்த மூன்று நிமிட வீடியோவில் ஒரு எழுத்தாளரின் வாழ்நாள் எழுத்தை வைத்துவிடலாம். இந்தியர்களின் கைப்பேசிகளைக் காலை வணக்கப் படங்கள் நிரப்புவது பற்றி அமெரிக்கப் பத்திரிகையான வால் ஸ்ட்ரீட் ஜர்னல் 2018 ஜனவரியில் செய்தி போட்டது. கூகுளின் கோப்பு நிர்வாகச் செயலி அவற்றைக் கண்டுபிடித்து அகற்றவே ஒரு வசதியைக் கொண்டுவந்தது. ரோஜாப்பூவும் சூரிய உதயமும் தொட்டிக்குப் போகட்டும், கடிதங்களை விட்டுவிடுங்கள்.

அழிக்கவே வேண்டாம் என்று நம்மைப் பழக்கியவர்களும் உண்டு. 2004 ஏப்ரல் 1ஆம் தேதி ஜிமெயில் வந்தபோது, மற்றவர்கள் சில எம்.பி. கொடுத்துக்கொண்டிருந்த காலத்தில் 1 ஜி.பி. கொடுத்தது. இனிக் கடிதங்களை அழிக்கத் தேவையில்லை என்றார்கள். படங்களுக்கும் அதே கவர்ச்சி. 2021 ஜூன் 1 முதல் கூகுள் ஃபோட்டோஸின் வரம்பற்ற இலவசச் சேமிப்பு நின்றது. இப்போது 15 ஜி.பி. நிரம்பியதும் மாதக் கட்டணம் கட்டு, இல்லாவிட்டால் அழி என்கிறது. பதினைந்து இருபது வருடம் அழிக்கும் பழக்கத்தையே விட்டுவிட்டவர்கள் இரவு பத்து மணிக்கு உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டு அழிக்கிறார்கள். விபத்துகள் அப்போதுதான் நடக்கின்றன.

என் முறையைச் சொல்லிவிடுகிறேன். கோப்புகளை அளவுப்படி வரிசைப்படுத்துகிறேன். முதல் இருபதைப் பார்க்கிறேன். பெரும்பாலும் வேலை அதிலேயே முடிந்துவிடும். டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் ஒரே பி.டி.எஃப். நான்கு முறை இறங்கியிருக்கும். வாட்ஸ்அப்பிலும் பெரிய கோப்புகளைத் தனியாகக் காட்டும் பகுதி அமைப்புகளுக்குள் இருக்கிறது. எழுத்துக் கோப்பு எதையும் இடத்துக்காக அழிப்பதில்லை. ரகசியத்துக்காக மட்டுமே அழிக்கிறேன். ஃபோல்டரை மொத்தமாக அழிப்பதில்லை. திறந்து பார்த்து ஒவ்வொன்றாக. ஷிஃப்ட் பொத்தானைத் தொடுவதே இல்லை. தொட்டியை மறுநாள் காலை காப்பி குடித்த பிறகு காலி செய்கிறேன். தவறுதலாக ஏதாவது போய்விட்டது என்று தெரிந்தால், அந்த நிமிடமே கம்ப்யூட்டரில் எல்லா வேலையையும் நிறுத்திவிட வேண்டும். புதிய பயணி ஏறக் கூடாது. வேண்டியவை மூன்று பிரதிகளாக இருக்க வேண்டும். அதில் ஒன்று வேறு கட்டடத்தில்.

அந்த மாணவனிடம் எல்லாவற்றையும் துடைத்துவிடச் சொன்னேன். துடைக்கும் மென்பொருளின் பெயரை அவனே எனக்குச் சொல்லிக் கொடுத்தான். போனை வைப்பதற்கு முன், வெட்கத்தை விட்டு, ஒரு குறுநாவலின் பெயரைச் சொல்லி, அப்படி ஏதாவது கோப்பு எழுந்து வந்திருக்கிறதா என்று கேட்டேன். அலுவலகக் கோப்பு வீட்டுக் கம்ப்யூட்டரில் இருக்க வழியில்லை. ஒருவேளை எப்போதாவது ஃப்ளாப்பியில் கொண்டுவந்திருந்தால்? பத்து நிமிடம் தேடினான். இல்லை மேடம் என்றான்.

2003 மார்ச் 24 அன்று அந்தப் பராமரிப்பு இளைஞர் மாலைவரை முயன்று மீட்டது நான்கு பக்கம். ஐந்தாம் பக்கத்தின் நடுவில், வாக்கியம் முடியாமல், கிரிக்கெட் படத்தின் பைட்டுகள் விசித்திரக் குறிகளாக ஓட ஆரம்பித்துவிடுகின்றன. நான்கு பக்கத்தில் அடிக்குறிப்பு இரண்டு. ஒன்று மார். இன்னொன்று காபர். பருவாவுக்கும் ராகருக்கும் அவர் சொன்னதில் எனக்கு நினைவிருப்பதைப் பிறகு எழுதி வைத்தேன். அவர் சொன்னபடி சொன்னேனா என்று இனிச் சரிபார்க்க முடியாது. குறுநாவலை மறுபடி மொழிபெயர்க்க ஆரம்பித்து, பாதியில் நிற்கிறது.

சென்ற வாரம் வீடியோக்களாகப் பார்த்து 41 ஜி.பி. விடுவித்தேன். அந்த நான்கு பக்கக் கோப்பு 38 கே.பி. மடிக்கணினியிலும், அலமாரியில் இருக்கும் டிஸ்க்கிலும், தங்கை வீட்டிலும் இருக்கிறது.